கோழிக்கொட்டகை வாங்கிய வனத்துறைக்காரர்

பெரிய மனிதர்களின் இரங்கல் குறிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. வகித்த பதவி, வாங்கிய விருது, எழுதிய நூல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசி வரியில் ‘குடும்பத்தின் மீது மிகுந்த பாசம் கொண்டவர்’ என்று மரியாதைக்குச் சேர்த்துவிடுவார்கள். ஊருக்கு உழைத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை என்றாலும் குற்றமில்லை, அதைத் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்வோம். இந்தக் கணக்கோடு எனக்கு எப்போதுமே சண்டைதான். அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட் பற்றி எழுதினால் அந்தக் கடைசி வரியைத் தூக்கி முதலில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான பர்லிங்டனில் 1887இல் பிறந்தவர். அப்பாவுக்கு மேசை செய்யும் தொழிற்சாலை இருந்தது. பையன் அந்தப் பக்கம் போகாமல் யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில் படித்து, 1909இல் வனத்துறையில் சேர்ந்தார். (அந்தப் பள்ளி 1900இல், பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபோர்ட் பின்ஷோவின் குடும்பப் பணத்தில் தொடங்கியது. பின்ஷோவுக்கு வழிகாட்டியவரோ பர்மாவின் தேக்குக் காடுகளில் பணிபுரிந்து, பிறகு இந்திய வனத்துறையின் முதல் தலைவரான டீட்ரிச் பிராண்டிஸ். நம் பக்கத்துக் காடுகளில் கற்ற பாடம் சுற்றிக்கொண்டு அமெரிக்கா போன கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

முதல் பணி அரிசோனாவில். அப்போது அவர் சராசரி இளம் அதிகாரிதான், கையில் துப்பாக்கி, ஓநாயைக் கண்டால் சுடு என்ற கொள்கை. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று நம்பினார். நம்பியதோடு நிற்காமல் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என்று பிரசாரமும் செய்தார்.

1911இல் நியூ மெக்சிகோவின் கார்சன் காட்டுக்கு மாற்றல். அங்கே ஆடுகள் புல்லை ஒட்ட மேய்ந்து மலைச்சரிவுகளை மொட்டையாக்கியிருந்தன. மேய்ச்சலைக் கட்டுக்குள் கொண்டுவருவது அவர் வேலைகளில் ஒன்று. பெண் எடுத்ததோ, தாய்வழியில் ஆட்டு மந்தைகளுக்குப் பேர்போன குடும்பத்தில்! சாண்டா ஃபேயில் 1912 அக்டோபரில் எஸ்டெல்லா பெர்ஹேரை மணந்தார். லூனா என்பது அந்தத் தாய்வழிக் குடும்பத்தின் பெயர். பின்னாளில் இரண்டாவது மகனுக்கு அதையே வைத்தார்கள்.

திருமணமாகி அரை வருடத்தில் பெரிய சோதனை. 1913 வசந்தத்தில் காட்டுப் பயணம் ஒன்றில் மழையிலும் ஆலங்கட்டியிலும் மாட்டிக்கொண்டு, நனைந்த படுக்கையிலேயே இரவுகளைக் கழித்தார். உடல் வீங்கிவிட்டது, சிறுநீரக அழற்சி. பிழைப்பாரா என்றே தெரியாத நிலை. மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பர்லிங்டனில் அப்பா வீட்டில் படுத்துக் கிடந்தார், எழுந்து வேலைக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வனத்துறையில் அவர் பெயர் நிலைத்தது 1924இல். நியூ மெக்சிகோவில் ஹீலா ஆற்றின் தலைப்பகுதியில் ஏழு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை, சாலை போடாமல், கட்டடம் எழுப்பாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று அவர் சில ஆண்டுகள் வாதாடியதை அரசு அந்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. உலகில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் வனப்பகுதி அது என்று சொல்வார்கள். மரம் என்றால் இத்தனை கன அடி என்று மட்டுமே பார்த்த ஒரு துறையின் உள்ளே இருந்துகொண்டு இதைச் சாதித்தது லேசான காரியமில்லை. ஆனால் இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மனிதக் கை படாத நிலம் என்று கொண்டாடப்பட்ட அதே இடத்தில்தான் அப்பாச்சி மக்கள் வாழ்ந்தார்கள், அவர்களைத் துரத்திவிட்டு அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. இதை விட்டுவிட்டு லியோபோல்ட் புகழ் பாடுவது நேர்மையாகாது.

அதே 1924இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இருந்த மரப்பொருள் ஆய்வகத்துக்கு மாற்றல். காட்டு ஆளை மேசையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? 1928இல் வனத்துறையிலிருந்தே விலகினார். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்காகவே வேட்டை விலங்கு மேலாண்மை என்ற துறையில் பேராசிரியர் இருக்கை ஒன்றை உருவாக்கியது. அமெரிக்காவில் அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததில்லை. இதற்கிடையில் ஓநாய் விஷயத்தில் மனம் முழுதாக மாறியிருந்தது. மானைத் தின்னும் ஓநாய் போன்ற மிருகங்களை ஒழித்த இடங்களில் மான்கள் பெருகி, எட்டிய தளிரையெல்லாம் தின்று தீர்த்து, பிறகு பட்டினியில் செத்ததை நாடே பார்த்தது. இளம் வயதில் தானே சுட்ட ஒரு தாய் ஓநாயின் கண்களில் அணைந்த பச்சைத் தீயைப் பற்றி 1944இல் எழுதினார். முப்பத்தைந்து வருடம் கழித்து! அரசு வேலையில் பெயர் எடுத்தவர்கள் இப்படி எழுத்தில் பின்வாங்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

1935இல் ஜெர்மனிக்குப் போய், கணக்குப் புத்தகம்போல் வரிசையாக நட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளைப் பார்த்தார். மரம் இருந்தது, காட்டின் மற்றதெல்லாம் காணாமல் போயிருந்தது. அதே ஆண்டு, விஸ்கான்சின் ஆற்றங்கரையில் பாரபூ என்ற ஊருக்கு அருகே, விவசாயம் செய்து செய்து செத்துப்போன மணல் நிலம் ஒன்றை வாங்கினார். வீடு எரிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது ஒரு கோழிக்கொட்டகை, உள்ளே எருக்குவியல். குடும்பமாகச் சேர்ந்து எருவை அள்ளிக் கொட்டினார்கள். ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பலகைகளைப் பொறுக்கித் தட்டுமுட்டுச் சாமான் செய்தார்கள், கணப்பு கட்டினார்கள். மின்சாரம் கிடையாது. வெளியே இருந்த கழிப்பறைக்குப் பார்த்தெனான் என்று பெயர். கிரேக்கக் கோயிலின் பெயரைக் கக்கூசுக்கு வைக்கிற குடும்பத்தை யாருக்குத்தான் பிடிக்காது?

வார இறுதி என்றால் அங்கேதான். 1936 வசந்தத்தில் பைன் கன்றுகள் நட்டார்கள். அந்தக் கோடையில் அமெரிக்காவின் கொடும் வறட்சி, பெரும்பாலானவை கருகிவிட்டன. நாடறிந்த வனவியலாளர் நட்ட கன்றுகள், சொந்த நிலத்தில், சொந்தப் பிள்ளைகள் கண்முன்னே கருகின. அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டார்கள். அதற்கடுத்த வசந்தத்திலும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் அவர் சாகும்வரை இது நின்றதில்லை. கன்று நடும் விழா என்றால் குழியும் கேமராவும்தான் நம் நினைவுக்கு வரும். கருகியதை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி மண்வெட்டி எடுப்பதற்கு விழா கிடையாது.

கோடைக் காலங்களில் அதிகாலை மூன்றரை மணிக்கே ஒரு கையில் காப்பிப் பாத்திரமும் மறு கையில் நோட்டுமாகக் கொட்டகை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். எந்தப் பறவை எப்போது பாடத் தொடங்குகிறது, அப்போது வெளிச்சம் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்து குறித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தியதாகத் தெரியவில்லை. அப்பா குனிந்து பார்த்த இடத்தை அவர்களும் குனிந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐந்து பேரில் ஸ்டார்க்கர் காட்டுயிர் அறிஞர், லூனா ஆறுகளை ஆராய்ந்த நீரியல் மேதை, கார்ல் தாவர உடலியலாளர், கடைக்குட்டி எஸ்டெல்லா தொல்மகரந்த ஆய்வாளர். மூத்த மகள் நீனாவும் சூழலியலுக்கே வந்தார். ஸ்டார்க்கர், லூனா, இளைய எஸ்டெல்லா மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர்! கடைசிப் பெண் 2024இல்தான் காலமானார்.

1948 ஏப்ரலில் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு: அவர் கட்டுரைத் தொகுப்பை வெளியிடுகிறார்கள். அடுத்த வாரம், ஏப்ரல் 21, மனைவியோடும் கடைசி மகளோடும் கொட்டகையில் இருந்தபோது பக்கத்து நிலத்தில் புல் தீப்பிடித்தது. அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயது 61. புத்தகத்தை முன்னின்று முடித்து 1949இல் கொண்டுவந்தவர் மகன் லூனா. ‘சாண்ட் கவுண்டி அல்மனாக்’ என்ற அந்தப் புத்தகம்தான் இன்றும் அவரை உலகத்துக்குத் தெரியவைக்கிறது.

நீனா 1976இல் அந்த நிலத்துக்கே குடிவந்து, அப்பா விட்ட இடத்திலிருந்து குறிப்பெழுதத் தொடங்கினார். எந்தப் பூ எந்தத் தேதியில் மலர்ந்தது, எந்தப் பறவை எப்போது திரும்பியது என்ற கணக்கு. தந்தையின் பட்டியலையும் மகளின் பட்டியலையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, நீனாவும் கார்லும் எழுதியவர்களில் இருவர். வசந்தம் முந்திக்கொண்டு வருவதற்குப் பல சான்றுகள் அதில் இருந்தன. பருவநிலை மாற்றத்துக்கு ஒரு குடும்ப நோட்டுப் புத்தகம் சாட்சி சொன்ன கதை இது.

கடைசியாக ஒரு மனக்குறை. எருக்குவியல் கொட்டகைக்கு ‘சரி’ என்று சொன்ன மனைவி எஸ்டெல்லாவைப் பற்றி எங்கே தேடினாலும் இரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. நோயில் விழுந்த கணவரோடு முதல் வருடத்தைக் கடந்தவர், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், கணவர் செதுக்கும் வில்லைத் தானும் எடுத்துப் பழகி விஸ்கான்சின் மாநில மகளிர் வில்வித்தை சாம்பியன் ஆனவர், 1975 வரை வாழ்ந்தவர். லியோபோல்டை மேற்கோள் காட்டி முழங்குகிற நண்பர்கள் அடுத்த முறை இவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். வில்வித்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.