எழுத்தர் வேலைக்கு எதிர்காலம் இல்லையாம். எந்த ஊரில்?

எழுத்தர் வேலை செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பதினெட்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த வேலை எப்படிப் போகிறது, எங்கே போகிறது என்று.

பயம் பொய்யில்லை. தானே எழுதும் செயற்கை நுண்ணறிவு எந்த வேலைகளைத் தொடும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஆராய்ந்தது. முதலிடத்தில் வந்தது எழுத்தர் பணிதான். அதன் அன்றாட வேலைகளில் 24 சதவீதம் மிக அதிகமாகவும், 58 சதவீதம் நடுத்தர அளவிலும் அந்தத் தொழில்நுட்பத்தின் எல்லைக்குள் வருகின்றனவாம். பெண்கள் நிறைந்த வேலை என்பதால் முதல் அடியும் அவர்கள் மேல்தான் விழும்.

ஆனால் இவை உலகக் கணக்கு. எங்கள் கிளை அலுவலகத்தில் நடந்தது வேறு. சம்பளப் பட்டியல், கொள்முதல் பில், விடுப்புக் கணக்கு என்று மூன்றுக்கும் தனித்தனி ஆள் இருந்தார்கள். ஒரு நிதியாண்டு முடிவில் மூன்றையும், எல்லாக் கிளைகளின் வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கும் தலைநகர மையத்துக்கு மாற்றினார்கள். எந்த இயந்திரமும் வரவில்லை. அங்கே ஆள் எடுத்தார்கள், இங்கே மேசைகள் காலியாயின. நாட்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் பெரிய மாற்றம் தெரியாது. எங்களுக்கு அது மொத்த இழப்பு.

"நீங்களும் அங்கே போகலாமே" என்றார்கள். எழுத்தர் சம்பளத்தில் பெருநகர வாடகை கொடுத்துவிட்டு மிச்சம் என்ன இருக்கும்? படிக்கும் பிள்ளைகளையும் படுக்கையில் இருக்கும் மாமியாரையும் எங்கே வைப்பது? மேலதிகாரிக்கு இடமாற்றப் படி உண்டு, எழுத்தருக்குப் பெரும்பாலும் கிடையாது.

அதனால்தான் இளையவர்களிடம் சொல்கிறேன்: பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் கடந்த ஆறு மாதத்தில் வந்த வேலை விளம்பரங்களை எண்ணிப் பாருங்கள். கொடுத்தது யார் என்று பாருங்கள். ஆட்கள் நேரில் வராமல் காகிதம் மட்டும் வந்து போகும் அலுவலகம் என்றால் அந்த இடம் நிலைக்காது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றில் மனிதர்கள் நேரில் வந்து நிற்கிறார்கள். ஒரு சான்றிதழில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு எழுத்து. அதைக் கேட்டு, புரிந்து, திருத்திக் கொடுக்க அந்த ஊரிலேயே ஒருவர் வேண்டும். அங்கேயும் ஒப்பந்த வேலையும் குறைந்த சம்பளமும் உண்டு, மறைக்கவில்லை.

வேலைவாய்ப்பு முன்கணிப்பு வெளியிடும் அரசுகள் அதை மாவட்ட வாரியாகக் கொடுக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் வேலை தேடுகிறவர் அதை வைத்து என்ன செய்வார்?

எங்கள் விடுப்புக் கணக்கைப் பார்த்த அக்கா இப்போது ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருக்கிறார். வீட்டிலிருந்து இருபது நிமிடம். அந்த வேலைக்கான விளம்பரம் மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் மட்டும்தான் ஒட்டியிருந்ததாம்.