செடி எடுத்த ஈயம் எங்கய்யா போச்சு?

நேத்துல இருந்து எல்லாரும் ஷேர் பண்ற அந்த வீடியோவப் பத்தித்தான். ஈயம் கலந்த மண்ண சுத்தம் பண்றோம்னு சூரியகாந்தி போட்டாங்க, பூத்துச்சு, செல்ஃபி எடுத்தாங்க, எல்லாம் சரி. கடைசி இருபது செகண்ட் யாராச்சும் பாத்தீங்களா? டிராக்டர விட்டு அம்புட்டையும் அதே மண்ணுல மடக்கி உழுதுட்டாங்க. அதுக்கு 'இயற்கை உரம்'னு கேப்ஷன் வேற.

நான் கேட்டது ஒரே கேள்வி, அப்ப செடி எடுத்த ஈயம் எங்க போச்சு? அதுக்கு எனக்குக் கெடச்ச பட்டம் 'பசுமைக்கு எதிரி'. ரொம்ப சந்தோஷம்.

செடி உலோகத்த அழிக்காதுங்க, உறிஞ்சி வெச்சுக்கும், அவ்ளோதான். அதுலயும் ஈயம் பாதிக்கு மேல வேரோடயே நின்னுரும். வேரோட புடுங்கி வெளிய கொண்டுபோய் பத்திரமா ஒழிச்சாத்தான் வேலை முடிஞ்சுச்சுன்னு அர்த்தம்.

நான் பிராஜெக்ட் பண்ணப்ப ஆர்சனிக் மண்ணுல ஒரு பெரணிய வளத்தேன், டெரிஸ் விட்டாட்டான்னு பேரு, ஆர்சனிக்க இலையில சேத்து வைக்கிறதுல கில்லாடின்னு 2001ல வெளிய வந்துச்சு. ஒரு நாள் காஞ்ச இலை ஒன்னு தொட்டியிலயே கெடந்துச்சு, நான் கண்டுக்கல. கைட் வந்தாரு, க்ளவுஸ் மாட்டிக்கிட்டு அதப் பொறுக்கி கவர்ல போட்டாரு, "இது மக்குனா நீ மூணு மாசம் தண்ணி ஊத்துனது வீண்"னாரு. ஒத்த இலைக்கு அந்தத் திட்டு. இங்க ஒரு வயலையே உழுதிருக்கான்.

'மைக்ரோப்ஸ் தின்னுரும் சார்'னு ஒருத்தர். எண்ணெய்னா திங்கும். 1989ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயக் கொட்டுனப்ப, கரையில ஏற்கனவே இருந்த பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் உரம் போட்டுத்தான் வேகப்படுத்துனாங்க. எண்ணெய உடைச்சா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியுமாப் போயிரும், ஈயம் தனிமம்யா, அத எதா உடைக்கிறது?

'அணு உலை வெடிச்ச செர்னோபில்ல சூரியகாந்தி போடலயா?' போட்டாங்க, குளத்துல, மிதக்கவிட்டு. அதே பூவ 2011 அணு உலை விபத்துக்கப்புறம் ஜப்பான்ல ஃபுகுஷிமா மண்ணுல போட்டப்ப பெருசா பிரயோஜனப்படல, கதிரியக்க சீசியத்த களிமண்ணு விடமாட்டேன்னுருச்சு.

செலவு கம்மியாம். கம்மிதான், ஒத்துக்கறேன்.

'ஒன்னுமே பண்ணாததுக்கு இது பரவால்லையே'ங்கறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது. ஒன்னும் பண்ணலன்னா அது கெட்ட மண்ணுன்னாவது தெரியும், வேலி இருக்கும். 'சுத்தமாயிருச்சு'ன்னு நீங்க போர்டு வெச்சா நாளைக்கு அங்க கீரை போடுவான், புள்ளைங்க மண்ணள்ளி வெளையாடும், பொறுப்பு யாரு, நீங்களா?

செடிக்காக இத்தன வருஷம் நெகமெல்லாம் மண்ணா அலைஞ்சவன் நான், எனக்கு செடி புடிக்காதாம். என் கமெண்ட்ட டெலீட் பண்ணிட்டாங்க. ஸ்க்ரீன்ஷாட் கீழ போட்டிருக்கேன், அதுல ஒரு கெட்ட வார்த்தை இருந்தா காட்டுங்க.