'ங்க' போட்டால் போதுமா?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 'வாங்க', 'சொல்லுங்க', 'சரிங்க' என்று எதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். தொட்டில் குழந்தையிடம்கூட 'ஏனுங்க சாமி, அழுகறீங்க?' என்போம். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது, போன மாதம் ஓய்வூதிய வேலையாக அம்மாவை ஒரு வங்கிக்குக் கூட்டிப் போகும் வரை.

'சொல்லுங்கம்மா' என்றார் கவுண்டரில் இருந்தவர். கண் கணினித் திரையை விட்டு நகரவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம். சொன்னதையே இரண்டு தடவை சொன்னதும், 'அந்தப் பக்கம் கேளுங்க' என்றார். அந்தப் பக்கத்தவர், 'அங்கேயே கேளுங்க'. மூன்று கவுண்டர், 40 நிமிஷம். ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. புகார் எழுதலாம் என்றாலும் எதை எழுதுவது?

வாசல் காவலாளி மதுரைப் பக்கத்துக்காரர். 'ஆத்தா, எம்புட்டு நேரமா நிக்கிற? இதுல உக்காரு' என்று தன் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். அம்மா கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்து, சரியான படிவத்தை எடுத்து வந்தும் கொடுத்தார். எங்கள் ஊர்க் கணக்கில் அவர் பேசியது மரியாதைக் குறைவு.

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. மரியாதை என்ற வடசொல்லுக்கும் மூலப்பொருள் எல்லை, வரம்பு. யாரை எங்கே நிறுத்துவது என்ற கணக்கு. எங்கள் ஊரில் அந்தக் கணக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலை செய்த 60 வயதுக்காரரை, தோட்டத்துக்காரர் வீட்டு 10 வயதுப் பையன் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டதும் இதே 'ங்க' ஊரில்தான். பெரியவர் திருப்பிச் சொன்னது, 'சொல்லுங்க சாமி'. ஜாதி பார்த்துத்தான் 'ங்க' போட்டோம். சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அதனால் 'ங்க'வே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெரியவருக்கு முதலில் அதுதான் கிடைத்திருக்க வேண்டும், பரிவெல்லாம் அப்புறம். 'பிரியத்தில்தான் வாடா என்றேன்' என்று எந்த முதலாளியும் தப்பித்துக்கொள்ள முடியாது. காவலாளியின் 'உக்காரு' வேறு. இருந்த ஒரே நாற்காலியை விட்டுக் கொடுத்த பிறகு சொன்ன சொல் அது.

திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன், 'அவர் உங்களை நீ, வானு பேசுனாருங்களேம்மா?'

'அப்படியா சொன்னாரு? எனக்கெங்க கேட்டுது. சேர் போட்டாரு, உக்காந்தேன்.'