கோடு போட்டவர்கள் அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் இல்லை

எல்லை வகுப்பவர்களுக்கு ஆறு ரொம்ப வசதி. வரைபடத்தில் ஏற்கெனவே ஒரு கோடு ஓடுகிறது, அதையே எல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆற்றின் இரு கரையிலும் இருப்பது ஒரே ஊராக இருந்தால்?

1920 ஜூலையில் செஷின் நகரத்துக்கு நேர்ந்தது இதுதான். ஓல்சா ஆறு எல்லையானது. கோட்டையும் பெரிய சதுக்கமும் இருந்த கிழக்குக் கரை போலந்துக்குப் போனது. ரயில் நிலையம் இருந்த மேற்குக் கரை செக்கோஸ்லோவாக்கியாவுக்கு (அந்தப் பகுதி இன்று செக் குடியரசு). சதுக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே 1911 முதல் பாலத்தின் மேல் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1921-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஊர்ப்பெயர் மட்டும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது: போலந்துப் பக்கம் செஷின், அந்தப் பக்கம் செஸ்கி டெஷின்.

‘ஒரே ஊர்தானே, மறுபடி சேர்த்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதையும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். 1938 அக்டோபரில் போலந்து மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டது. ஓராண்டு முடிவதற்குள் ஜெர்மனி இரு கரையையும் விழுங்கியது. போருக்குப் பிறகு எல்லை பழையபடி ஆற்றுக்கே திரும்பியது. சாதாரண ஜனங்கள் பட்டதுதான் மிச்சம்.

எல்லை இருந்துவிட்டுப் போகட்டும், வாசல் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. செஸ்கி டெஷின் நாடக அரங்கத்தில் செக் மொழிக்கு ஒரு குழு, போலிஷ் மொழிக்கு ஒரு குழு என்று இரண்டு இயங்குகின்றன. ரைன் ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் லாஃபன்பர்க், நெப்போலியன் காலத்தில் பிரிந்து ஒரு பாதி ஜெர்மனியிலும் மறுபாதி சுவிட்சர்லாந்திலும் இருக்கிறது. இன்றும் இரண்டு ஊரும் சேர்ந்துதான் கார்னிவல் கொண்டாடுகின்றன.

2007 டிசம்பரில் ஷெங்கன், அதாவது எல்லையில் சோதனை இல்லாமல் போய்வர விடும் ஐரோப்பிய ஒப்பந்தம், இங்கே வந்ததும் செஷின் பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை ஒழிந்தது. அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி பாலத்தை மறுபடி மூடினார்கள். போலந்துக் கரையில் யாரோ பெரிய துணி ஒன்றைக் கட்டி, ‘செக் நண்பா, உன்னைப் பார்க்காமல் ஏங்குகிறேன்’ என்று எழுதினார்கள். ‘நானும்தான்’ என்று எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது. தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகுதான் போலந்து அரசு அவர்களுக்கு விதியைத் தளர்த்தியது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நெருக்கடி வந்ததும் முதலில் மூடுவது இந்தப் பாலங்களைத்தான். இப்படிப்பட்ட இரட்டை ஊர்களுக்கு முன்கூட்டியே சட்டத்தில் விலக்கு எழுதி வைக்க வேண்டும். மூடத்தான் வேண்டும் என்றால், இரண்டு நகராட்சிகளையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு மூடட்டும்.