டூபாக் இறந்த பிறகு எழுதின பாட்டு இல்ல அது
தம்பி, நியூயார்க் ராப் ஜோடி மாப் டீப்போட ரெண்டாவது ஆல்பம் ஹெல் ஆன் எர்த், செத்துப்போன ராப்பர் டூபாக்கைத் திட்டத்தான் அவ்ளோ இருட்டா பண்ணாங்கன்னு உங்க போஸ்ட்டுல போட்டிருக்கீங்க, இது தப்பு. முதல்ல அது ரெண்டாவது இல்ல, மூணாவது. 1993ல ஜுவனைல் ஹெல்னு ஒண்ணு வந்து ஓடாம போச்சு, 1995ல தான் தி இன்ஃபேமஸ். டூபாக் 1996 ஜூன்ல ஹிட் எம் அப் பாட்டுல மாப் டீப்ல ஒருத்தரான ப்ராடிஜியோட சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோயைக் கேவலமா கிண்டல் பண்ணார், ப்ராடிஜி சின்ன வயசுல இருந்து அந்த வலியோடயே வாழ்ந்த மனுஷன், பதில் சொல்லாம இருப்பாரா? அந்தப் பதில் பாட்டை ரெக்கார்ட் பண்ணப்ப டூபாக் உயிரோட தான் இருந்தார். அவர் இறந்தது செப்டம்பர் 13, ஆல்பம் வந்தது நவம்பர், அதனால தான் இந்தக் குழப்பமே.

சவுண்டு இருண்டதுக்கு எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம் ஜோடியில இன்னொருத்தரான, பீட் போடுற ஹேவக். முந்தின ஆல்பத்துல க்யூ டிப்னு இன்னொரு ராப்பர் கூட இருந்து மெருகேத்தினார், இதுல பீட் எல்லாமே மாப் டீப்பே, ட்ரம்ஸ் காய்ஞ்சு கிடக்கும், பியானோ எங்கயோ தூரத்துல கேக்கும். ராத்திரி கடைசி லோக்கல்ல சயான்ல இறங்கி தாராவிக்கு நடந்து வரும்போது ஹெட்போன்ல கேட்டுப்பாருங்க, ஒரு ஆள் மேல இருக்கிற கோபம் மட்டும் இல்ல அது, அவங்க வளர்ந்த நியூயார்க் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்போட பயம் முழுசா அதுல இருக்கு. அந்தப் போஸ்ட்டை மாத்திடுங்க தம்பி, இங்க தமிழ்ல ராப் எழுதுற பசங்க நிறைய பேர் படிக்கிறாங்க.