மச்சினனின் 150 ரூபாய் கூப்பன்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாகப் போனை என் கையில் திணித்தான். "இதுக்குள்ள என்னமோ இருக்கு மாமா. என்ன பண்ணாலும் நான்தான்னு கண்டுபிடிச்சிடுது."

விஷயம் இதுதான். ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஆர்டரில் 150 ரூபாய் தள்ளுபடி. அதை அவன் ஏற்கெனவே ஒருமுறை வாங்கிவிட்டான். இன்னொருமுறை வாங்குவதற்காகப் புது சிம் போட்டிருக்கிறான், புது ஜிமெயில் திறந்திருக்கிறான், விளம்பரக் கம்பெனிகள் போனை அடையாளம் காணும் விளம்பர ஐடியை அழித்திருக்கிறான், கடைசியில் போனையே ஃபேக்டரி ரீசெட் செய்திருக்கிறான். வாட்ஸாப் பேக்கப்போடு சேர்த்து அரைநாள் வேலை. பிரியாணியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் திரைக்கு வந்ததும் ஒரு வரி: இந்தச் சலுகை இந்தக் கருவியில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது.

சிரித்துவிட்டேன். ஏமாற்றப் பார்த்தது அவன், பிடித்துவிட்டார்கள். கம்பெனிமேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவன் அடுத்துக் கேட்ட கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. "எல்லாப் பர்மிஷனுக்கும் 'டோன்ட் அலவ்'தானே மாமா கொடுத்தேன்?"

பன்னிரண்டு வருஷமாக ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால் இதைச் சொல்லும் கடமை கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பர்மிஷன் பெட்டி கேமரா, மைக், லொக்கேஷன், காண்டாக்ட் போன்றவற்றுக்குத்தான் காவல். 'நீங்கள் யார்' என்று கண்டுபிடிக்க அவை எதுவும் தேவையில்லை.

எங்கள் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் அதே வண்டி ஏழெட்டு ஓடியது. ஆனாலும் தெருமுனையில் சத்தம் கேட்டதுமே அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு வந்திருந்தாலும் அந்தத் தோசை தயாராகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்ணான ஐஎம்இஐ, விளம்பர ஐடி எல்லாம் நம்பர் பிளேட். அவற்றை மறைக்க கூகுளும் ஆப்பிளும் வருஷாவருஷம் ஏதோ செய்கிறார்கள். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 சாதாரண ஆப்புகளுக்கு ஐஎம்இஐயைக் கொடுப்பதை நிறுத்தியது. 2021 ஏப்ரலில் ஐபோனில் 'டிராக் செய்யலாமா' என்று கேட்கும் பெட்டி வந்தது. வண்டிச் சத்தத்தை என்ன செய்வது?

போன் மாடல், திரையின் அளவு, மொழி, நேர மண்டலம், எழுத்தின் பருமன், மீதமுள்ள சேமிப்பிடம், கடைசியாக எப்போது ஆன் செய்தீர்கள் என்கிற நேரம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத தகவல்கள். எல்லாவற்றையும் கோத்தால் ஆள் சிக்கிவிடுவார். இதற்குத்தான் எங்கள் துறையில் கைரேகை எடுப்பது என்று பெயர். 2010-லேயே பீட்டர் எக்கர்ஸ்லி என்பவர் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்புக்காக 4,70,161 உலாவிகளை, அதாவது பிரவுசர்களைச் சோதித்துப் பார்த்தார். அவற்றில் 83.6 சதவீதம், அந்தக் கூட்டத்தில் வேறு எதனோடும் ஒத்துப்போகாத தனி ரகம். அப்போது அவர் பார்த்தது வெறும் உலாவியை. இன்றைக்கு ஆப் என்பது போனுக்குள்ளேயே குடியிருக்கிறது.

அதிலும் நம்மைப் போன்றவர்கள் சீக்கிரம் மாட்டுவோம். ஐபோனில் என்னென்ன கீபோர்டு போட்டிருக்கிறோம் என்பதையும் ஆப் பார்க்க முடியும். சென்னையில் தமிழ்99 போட்டிருப்பது பெரிய விஷயமில்லை. ஆஸ்லோவில் உட்கார்ந்துகொண்டு தமிழ்99 போட்டிருக்கும் அண்ணனை யோசித்துப் பாருங்கள். நார்வே நேரம், தமிழ் கீபோர்டு என்ற இரண்டிலேயே கூட்டம் எவ்வளவு சுருங்கிவிடுகிறது!

மச்சினன் விஷயத்தில் அந்த ஆப் எந்த வழியைப் பிடித்தது என்பது அவர்களுக்கே வெளிச்சம். ரீசெட்டையும் தாண்டி நிற்கும் வழி ஒன்று உண்டு: வைட்வைன். ஓடிடி படங்களைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கக்கூடாது என்பதற்காகப் போனில் வைத்த பூட்டு அது. அந்தப் பூட்டுக்கு ஒரு அடையாள எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு ஆப்புக்கு ஆப் அது மாறும். ஆனால் அதே ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால் அதே எண்தான் வரும், பெரும்பாலும் ஃபேக்டரி ரீசெட்டுக்குப் பிறகும். அதைப் படிக்கப் பர்மிஷன் எதுவும் வேண்டாம்.

இதைவிட என்னை மிரள வைத்தது சென்சார்ஐடி என்கிற கைரேகை முறை. போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப், ஆக்ஸிலரோமீட்டர் போன்ற சென்சார்கள். ஒரே அச்சில் வார்த்தாலும் ஒவ்வொன்றிலும் மயிரிழை பிசகு இருக்கும். ஆப்பிள் அதைத் தொழிற்சாலையிலேயே அளந்து, இந்தப் போனுக்கு இவ்வளவு திருத்தம் என்று எழுதிவைத்து அனுப்புகிறது. நல்ல காரியம்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்சார் தரும் எண்களைக் கொஞ்ச நேரம் கவனித்தே அந்தத் திருத்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒரு வினாடிகூட ஆகவில்லை. ஆப்பே தேவையில்லை, ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும். ரீசெட் செய்தாலும் மாறாது, ஏனென்றால் அது போனின் பிறவிக் குறி. 2018-இல் ஆப்பிளிடம் சொன்னார்கள், 2019 மார்ச்சில் ஐஓஎஸ் 12.2-இல் ஆப்பிள் அடைத்தது. கூகுளின் பிக்ஸல் 2, 3 மாடல்களிலும் இதே ஓட்டை இருந்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பொதுவாக இந்தத் திருத்தத்தைச் செய்வதே இல்லை என்பதால் அவை தப்பித்தன. காசு கொடுத்து நல்ல போன் வாங்கியவன்தான் மாட்டினான்!

ஓட்டையை அடைத்த ஆப்பிளைப் பாராட்டுகிறேன். ஆனால் இதில் பயனாளர் என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லுங்கள். போனை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருக்க வேண்டுமா?

அடுத்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவைப் பற்றி. 2025 ஜூனில் ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒன்றை வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் குரோமில் வேறு ஏதோ தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தத் தளத்தில் வருகிறவர்களைக் கண்காணிக்கும் மெட்டாவின் பிக்ஸல் நிரல் (கூகுளின் போன் இல்லை, பெயர்தான் ஒன்று) இருந்தால், அது உலாவியில் உங்களை அடையாளம் வைக்கும் சிறு குறியான குக்கீயைப் போனுக்குள்ளேயே ஒரு கதவு வழியாக அந்த ஆப்பிடம் கொடுத்துவிடும். ஆப்புக்கு நீங்கள் யார் என்று தெரியும், லாகின் செய்திருக்கிறீர்களே. இன்காக்னிட்டோவில் திறந்தாலும், குக்கீயை அழித்தாலும் தப்ப முடியாது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இதே மாதிரி வேலையை 2017-லிருந்தே செய்துவந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்த அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது, கூகுளின் விதிகளைப் புரிந்துகொள்வதில் குழப்பமாம். கறாராகப் பார்த்தால் இது கைரேகை எடுக்கிற வகையில் வராது, சுவரில் துளை போடுகிற வகை. ஆனால் இதற்குத் தேவைப்பட்டது இணைய இணைப்புக்கான அனுமதி மட்டும்தான். அது ஆப்பை நிறுவும்போதே தானாகக் கிடைத்துவிடும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்போது என் பக்கத்து அழுக்கு. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் 'மோசடித் தடுப்பு எஸ்டிகே' ஒன்றை, அதாவது வெளிக் கம்பெனி எழுதித் தரும் நிரல் தொகுப்பை, ஆப்பில் சேர்க்கச் சொன்னார்கள். பில்ட் ஃபைலில் ஒரு வரி, தொடங்கி வைக்க நாலு வரி, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. அது போனிலிருந்து என்னென்ன எடுக்கிறது என்று ஆவணத்தில் பார்த்தேன். முக்கால்வாசி மேலே சொன்ன பட்டியல்தான். எங்கே போகிறது, யாரோடு பகிர்கிறார்கள் என்று மீட்டிங்கில் கேட்டேன். "அது வெண்டர் பார்த்துக்குவாங்க" என்றார்கள். நானும் பேசாமல் ரிலீஸ் போட்டேன்.

மோசடியைத் தடுக்க இது தேவையில்லை என்று சொல்லமாட்டேன். யுபிஐ ஆப்பில் பதியும்போது உங்கள் போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகிறதே, அது எண்ணையும் கருவியையும் முடிச்சுப் போடத்தான். அந்த முடிச்சு இல்லாவிட்டால் நம் கணக்கை எவனோ வேறொரு போனிலிருந்து துடைத்துவிடுவான். அங்கே எதற்கு என்று தெரிந்து, நம் கண்முன்னால் நடக்கிறது. ஊபர் கதை வேறு. ஐபோனிலிருந்து ஆப்பை நீக்கி, போனை முழுக்க அழித்த பிறகும் அதே போன் என்று கண்டுபிடிக்கிற வேலையை அது ரகசியமாகச் செய்ததாகவும், ஆப்பிளின் குபர்டினோ தலைமையகத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் அது தெரியாதபடி மறைத்ததாகவும் நியூயார்க் டைம்ஸ் 2017-இல் எழுதியது. அதற்காகவே ஆப்பிள் தலைவராக இருந்த டிம் குக் 2015-இல் ஊபர் தலைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தாராம். அவர்கள் பிடிக்க நினைத்ததும் மச்சினன் மாதிரி ஆட்களைத்தான், போலிக் கணக்குக்காரர்களை. காரணம் நியாயம் என்றால் எதற்கு மறைக்கவேண்டும்?

எனக்கு எரிச்சல் வருவது, ஒவ்வொரு தடவை இப்படி ஏதாவது வெளிவரும்போதும் 'பாதுகாப்பாக இருக்க 10 வழிகள்' என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதைப் பார்த்துத்தான். கவனமாக இருங்கள், பர்மிஷனைப் பாருங்கள், விபிஎன் போடுங்கள். விபிஎன் ஐபி முகவரியை மறைக்கும், ஜைரோஸ்கோப்பை மறைக்காது. விசித்திரமான உலாவியும் பத்து விளம்பரத் தடுப்பானும் போட்டால் கூட்டத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். தெருவிலேயே சைலன்சர் மாற்றிய ஒரே வண்டி மாதிரி.

பூட்டுப் போட வேண்டியது வீட்டைக் கட்டியவன். 2024 மே முதல் ஆப்பிள், ஆன் செய்த நேரம், சேமிப்பிடம், கீபோர்டு பட்டியல் போன்றவற்றைத் தொடும் ஆப்புகள் காரணம் எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் காரணம் எழுதுவது என்னைப் போன்ற ஒருவன், ஏற்கெனவே அச்சடித்துத் தந்த காரணங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து. நம் ஊரில் 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமும் பெரும்பாலும் சம்மதத்தையே நம்பி நிற்கிறது. கேட்கவே இல்லாத கேள்விக்கு மச்சினன் எப்படிச் சம்மதம் சொல்லுவான்?

இதையெல்லாம் அவனுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு எழுந்துபோய், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் போனை வாங்கினான், ஆப்பைப் போட்டான், கூப்பனை அடித்தான். முக்கால் மணி நேரத்தில் பிரியாணி வந்துவிட்டது.

மாமியார் சுத்த சைவம். இரண்டு நாளாக "என்ன மாப்ள, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மட்டன் வேணுமான்னு கேக்குது?" என்று என்னிடம் போனை நீட்டிக்கொண்டிருக்கிறார்.