எஃப் என்றால் என்னவென்று படித்துவிட்டு வந்து திட்டுங்கள்

நான் சொன்ன கம்ப்யூட்டர் பரிந்துரையைக் கேலி செய்யும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "அண்ணன் யாருக்குச் சொம்பு தூக்குறார்னு தெரியுது" என்ற வரிக்குக் கீழே விழுந்திருக்கும் சிரிப்பு முகங்களை எண்ணியும் பார்த்துவிட்டேன். அதில் நான்கு பேர், நான் பாகம் பாகமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் சிரித்திருப்பார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் சேர்ந்திருக்கும் மகளுக்கு, மானிட்டரோடு சேர்த்து 45,000 ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் ரைசன் 5 5600ஜி என்றேன்; ஏஎம்டி கம்பெனியின் ப்ராசசர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். அவ்வளவுதான். "ஐ5 12400எஃப் இருக்கும்போது எவனாவது இதை வாங்குவானா" என்று, அந்த இன்டெல் ப்ராசசர்தான் வேகம் எனக் காட்டும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) படங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சரி, அந்தப் படங்களையே பேசுவோம். 12400எஃப் வேகமானதுதான். நான் இல்லையென்று எங்கே சொன்னேன்? இரண்டிலும் 6 கோர் (வேலை செய்யும் மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்). இரண்டும் அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் இன்டெல் கோர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் வேலை செய்யும். எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், அங்கே 18 எம்பி, இங்கே 16. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகிவிட்டு கேம் ஓட்டினால் 12400எஃப் முந்தும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

"நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகிவிட்டு." இந்த அரை வரியைத்தான் யாரும் படிக்கவில்லை.

எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அந்தப் பகுதியை முடக்கிவிட்டு விற்கிறார்கள். தனி கார்டு இல்லாமல் படமே வராது. குறைந்த வேகத்தில் வரும் என்றில்லை, வராது. 45,000 ரூபாயில் மானிட்டர், கேபினட், எஸ்எஸ்டி, ரேம், போர்டு, பவர் சப்ளை எல்லாம் வாங்கிய பிறகு கார்டுக்கு எங்கே போவது? நீங்கள் பகிர்ந்த படங்கள் எல்லாம் கடையில் இருப்பதிலேயே உச்சமான கார்டைப் போட்டு, 1080பி திரை அளவில் ஓட்டி எடுத்தவை. ப்ராசசரை மட்டும் தனியே எடைபோட அதுதான் சரியான முறை; ரிவியூ செய்பவர்கள்மேல் தப்பில்லை. அந்தக் கார்டின் விலையில் இந்தப் பெண்ணுக்கு மூன்று கம்ப்யூட்டர் வாங்கலாம் என்பதை யோசிக்க வேண்டியது பகிர்ந்தவர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 2019-இல் நானே இதில் விழுந்தவன். எஃப் வரிசை அப்போதுதான் வந்திருந்தது. 9400எஃப், விலை கொஞ்சம் குறைவு, அதே வேகம் என்று கடையில் சொன்னார்கள். அப்பா கொடுத்த பணம். வீட்டுக்குக் கொண்டுவந்து, நானே பாகங்களைப் பொருத்தி, கேபிளை போர்டின் பின்னால் இருந்த எச்டிஎம்ஐ துளையில் செருகினேன். துளை இருக்கிறதே, படம் வரும் என்றுதானே நினைப்போம்? அம்மா மானிட்டர் ஓரத்தில் குங்குமம் வைத்தாள். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரையில் 'நோ சிக்னல்'. அணைத்துப் போட்டேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். அந்த எழுத்து மட்டும் திரையில் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டே இருந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார், "காபி இருக்கா" என்று உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று நாள் கழித்து நண்பன் வீட்டிலிருந்து ஒரு பழைய ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டை இரவல் வாங்கி மாட்டிய பிறகுதான் படம் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், எஃப் வேண்டாம் என்று. கார்டு இல்லாத வீட்டுக்கு எஃப் வேண்டவே வேண்டாம்.

"அப்படியென்றால் எஃப் இல்லாத 12400 வாங்கலாமே?" வாங்கலாம். நியாயமான கேள்வி. வீடியோ எடிட்டிங்கில் இன்டெலின் குவிக் சிங்க் (வீடியோவை வேகமாக மாற்றித் தரும் வசதி) நன்றாகவே உதவும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் உள்ளிருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸை விட 5600ஜி-யின் வேகா கிராபிக்ஸ் கேமில் தெளிவாக முந்தும்; அந்தப் பெண்ணின் தம்பியும் அதே கம்ப்யூட்டரில்தான் விளையாடப் போகிறான். மேலும் நாங்கள் விலை கேட்ட அன்று 12400-க்குக் கூடுதலாகக் கேட்டார்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

"5600ஜி-யில் பிசிஐஇ 3.0 தான்." ஆமாம், கார்டும் ப்ராசசரும் பேசிக்கொள்ளும் வழி பழைய 3.0 தான். 6500 எக்ஸ்டி மாதிரி அந்த வழியில் நான்கே லேன் (பாதை) பயன்படுத்தும் கார்டை நாளைக்கு வாங்கினால் அடிவாங்கும். வாங்காதே என்று சொல்லிவிடலாம், முடிந்தது.

"ஏஎம்4 செத்துப்போன சாக்கெட்." அதாவது 5600ஜி உட்காரும் போர்டுக்கு இனி புதுத் தலைமுறை ப்ராசசர் வராது. இதைத்தான் பெரிய பிரம்மாஸ்திரம் மாதிரி இரண்டு பேர் எறிந்திருக்கிறார்கள். ஐயா, 12400 உட்காரும் எல்ஜிஏ1700 மட்டும் உயிரோடு இருக்கிறதா? 14-ஆம் தலைமுறையோடு அதுவும் முடிந்தது. செத்ததில் எது நல்ல பிணம் என்று சண்டை போடுகிறோம். ஏஎம்4-இல் படிப்பு முடிந்து கையில் காசு வந்தால், பயாஸை (போர்டின் உள் மென்பொருளை) புதுப்பித்து, கிடைத்தால் அதே போர்டில் ஒரு 5700எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம். 96 எம்பி கேஷ்! நான் சொல்வது புரிகிறதா இல்லையா?

சொம்புக்கு வருகிறேன். ஏஎம்டி 2011-இல் எஃப்எக்ஸ் 8150-ஐ எட்டு கோர் என்று விற்றபோது, வாங்காதே வாங்காதே என்று கல்லூரி விடுதியில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்த 'எட்டு கோர்' கணக்குக்காகவே அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019-இல் 1.21 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். 2020 நவம்பரில் 5600எக்ஸுக்கு 299 டாலர் வைத்தார்களே, அன்றைக்கு இதே பக்கத்தில் திட்டினேன். 2022 ஜனவரியில் 167 டாலருக்கு 12400எஃப் வந்தபோது, "இன்டெல் திரும்பி வந்துவிட்டான்" என்று குதித்ததும் நான்தான். அந்த அடியில்தான் ஏஎம்டி ஏப்ரலில் 5600-ஐ 199 டாலருக்கு இறக்கியது. பழைய பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. அதற்கெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் கை வராது.

எனக்கு ஆதரவாக வந்து "இன்டெல் வாங்கினால் எரிந்துபோகும்" என்று முட்டுக்கொடுத்த தம்பிக்கும் சொல்கிறேன்: ப்ராசசரைக் கெடுக்கும் அந்த வோல்டேஜ் பிரச்சினை 13, 14-ஆம் தலைமுறையில்; 12400 பன்னிரண்டாம் தலைமுறை. 12400-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி உதவாதே ராஜா.

ஆனால் உண்மையாகவே சுட்டது சொம்பு இல்லை. அதற்கு அடுத்த வரி. "கடையில எவ்வளவு கமிஷனோ." ஏழு வருடமாகப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெரு வரை கூடப் போயிருக்கிறேன், பெட்ரோல் என் காசு. வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன்: டீ, கணக்கில்லை. ஒரு தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு. அதில் பாதி நொறுங்கியிருந்தது. வருமான வரியில் காட்ட வேண்டுமென்றால் காட்டுகிறேன்.

யார் வேண்டுமானாலும் எந்த ப்ராசசரை வேண்டுமானாலும் வாங்குங்கள். 90 ஆயிரம் இருக்கிறதா, கார்டு வாங்கப் போகிறீர்களா, 12400எஃப் எடுங்கள், நானே பரிந்துரைப்பேன். கேட்டவரிடம் இருந்தது 45. நான் சொன்னது அந்த 45-க்கு. இதைச் சொன்னதற்கா கமிஷன்?

பி.கு.: மகளுக்காகக் கேட்டவர் முந்தாநாளிலிருந்து என் போனை எடுக்கவில்லை. முதலில் "தம்பி" என்று மெசேஜ் போட்டவர், நேற்று "சார், நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு வரி அனுப்பினார். எதை வாங்கினார்கள் என்று தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள்: 5600ஜி வாங்கியிருந்தால் ரேம் ஒரே 16 ஜிபி வேண்டாம், இரண்டு 8 ஜிபி ஆகப் போடட்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு அந்த ரேம்தான் சாப்பாடு, ஒற்றையாகப் போட்டால் வேகம் நிறையவே போய்விடும். கடையில் ஒரே 16 தான் இருக்கிறது என்பார்கள். இருக்கும், உள்ளே தேடச் சொல்லுங்கள்.